சாயப் பட்டறையிலும் வீட்டிலும் இயற்கை எரிவாயுவை விட வேண்டும்: எங்கே தொடங்குவது?

நீராவிக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பதினாறு வருடமாக ஒரு சாயப் பட்டறையில் பாய்லர் பார்க்கிறேன். மணிக்கு 3 டன் நீராவி தரும் பாய்லர், 8 பார் அழுத்தம். எரிபொருள் குழாயில் வரும் இயற்கை எரிவாயு. துணி உலர்த்த இரண்டு ஸ்டென்டர்கள் உண்டு, அவற்றிலும் நேரடி கேஸ் பர்னர்தான். ஒரு நாளைக்கு பாய்லருக்கு 3,300 கன மீட்டர், ஸ்டென்டர்களுக்கு 1,200 கன மீட்டர் போகிறது. 1 கன மீட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2 கிலோ கரியமில வாயு. அப்படியானால் என் கையால் வால்வைத் திறந்து தினமும் 9 டன் வெளியே விடுகிறேன். அந்தக் கணக்கை முதன்முதலாகக் காகிதத்தில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

துணி வாங்குகிறவர்களும் இப்போது உமிழ்வுக் கணக்கு கேட்கிறார்கள். முதலாளி என்னிடம், "நீயே விசாரித்துச் சொல்" என்று விட்டுவிட்டார். ஒரு விற்பனையாளர் வந்து, இப்போதைக்கு கேஸில் ஓடும், பிறகு ஹைட்ரஜனுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு பாய்லரைக் காட்டினார். இன்னொருவர் மின்சார பாய்லர் என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் சாண எரிவாயு போதும் என்கிறார். மூன்று பேரும் சொல்வது ஒன்றுதான்: இருப்பதைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வை. அதில்தான் எனக்கு ஏதோ இடிக்கிறது, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

வீட்டிலும் குழாய் கேஸ் அடுப்புதான். அதையும் மாற்ற ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய தணிக்கையாளன்:

தம்பி, நான் ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பது வருடம் ஆலை ஆலையாகப் போய் எரிபொருள் தணிக்கை செய்தவன். உங்களுக்கு இடிப்பது சரியான இடத்தில்தான் இடிக்கிறது.

கேஸுக்குப் பதிலாக எந்த எரிபொருள் என்று தொடங்காதீர்கள். எந்த இயந்திரத்துக்கு எத்தனை டிகிரி சூடு வேண்டும் என்று தொடங்குங்கள். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது தொட்டி பெரும்பாலும் 60 டிகிரி, சோப்புக் கழுவல் 80, 90. பாலியெஸ்டருக்கு 130. ஸ்டென்டரில் 150 முதல் 200 வரை. கேஸ் சுடரின் வெப்பமோ 1,900 டிகிரியைத் தொடும். அந்தச் சுடரை வைத்து 8 பார் நீராவி செய்து, அதைக் குழாயில் நூறு மீட்டர் ஓட்டி, கடைசியில் 60 டிகிரித் தண்ணீர் செய்கிறோம். கேஸ் தாராளமாகக் கிடைத்த காலத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஹைட்ரஜன் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் பாய்லரின் 3,300 கன மீட்டர் என்பது சுமார் 33,000 கிலோவாட் மணி வெப்பம். 1 கிலோ ஹைட்ரஜனில் 33 கிலோவாட் மணி இருக்கிறது, ஆக தினம் 1,000 கிலோ வேண்டும். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 கிலோவாட் மணி செலவாகும். அதாவது நாளொன்றுக்கு 50,000 கிலோவாட் மணிக்கு மேல், அதோடு 9,000 லிட்டர் சுத்திகரித்த நீர். அதே நீராவியை நேராக மின்சார பாய்லரில் செய்தால் 29,000 போதும். இப்போதைய கேஸிலேயே 20 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தால் என்ன என்றும் கேட்பார்கள். ஒரே கன அளவில் ஹைட்ரஜனிடம் மீத்தேனின் மூன்றில் ஒரு பங்கு சக்திதான் உண்டு. கன அளவில் 20 சதவீதம் கலந்தாலும் உமிழ்வு 7 சதவீதம்தான் குறையும்.

மின்சார பாய்லரையும் உடனே வாங்காதீர்கள். முதலில் வீணாவதை நிறுத்துங்கள். மூன்று கேள்வி கேட்கிறேன், பதில் எழுதுங்கள். பாய்லருக்குத் தண்ணீர் ஊட்டும் உங்கள் ஃபீட் வாட்டர் தொட்டி எத்தனை டிகிரியில் இருக்கிறது? கண்டென்சேட், அதாவது நீராவி சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரானது, எவ்வளவு திரும்பி வருகிறது? ஃபீட் வாட்டர் ஒவ்வொரு 6 டிகிரி ஏறும்போதும் எரிபொருளில் சுமார் 1 சதவீதம் மிச்சம். நீராவியைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் ட்ராப்பைக் கடைசியாக என்றைக்குச் சோதித்தீர்கள்? திறந்தபடி மாட்டிக்கொண்ட ட்ராப் ஒன்று இரவு பகலாக நீராவியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது கழிவுநீர். சாயப் பட்டறையில் புகைபோக்கியைவிட வாய்க்காலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தினம் 300 கன மீட்டர் சூடான கழிவுநீர் 55 டிகிரியில் போகிறது என்று வையுங்கள். உள்ளே வரும் தண்ணீர் 28 டிகிரி. இரண்டையும், ஒன்றோடொன்று கலக்காமல் சூட்டை மட்டும் கைமாற்றும் ஒரு வெப்பப் பரிமாற்றி வழியாக எதிரெதிரே ஓட்டினாலே வரும் தண்ணீர் 45க்கு ஏறிவிடும். மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை, கிட்டத்தட்ட 5,900 கிலோவாட் மணி கையில். சுமார் 8 டன் நீராவி இது.

ஹீட் பம்ப், அதாவது குறைந்த சூட்டை மின்சாரத்தால் அதிக வெப்பநிலைக்குத் தூக்கும் இயந்திரம், அதற்கு அப்புறம். கழிவுநீர் இப்போது 38 டிகிரியில் இருக்கும். அதிலிருந்து இன்னும் 11 டிகிரியை உறிஞ்சி, வரும் தண்ணீரில் பாதியை 45லிருந்து 75க்கு ஏற்றலாம். இதற்கு 5,200 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும், ஆனால் மின்சாரம் சுமார் 1,300தான். மீதி எல்லாம் வாய்க்காலில் போய்க்கொண்டிருந்த சூடு. இது ஏதோ நேற்று வந்த வித்தை இல்லை. ஆஸ்திரியாவில் எபென்சே உப்பாலையில் பீட்டர் ரிட்டிங்கர் 1850களிலேயே, உப்புநீரிலிருந்து கிளம்பும் ஆவியைப் பிடித்து அழுத்தி, அந்தச் சூட்டாலேயே மறுபடி உப்புநீரைக் காய்ச்சப் பார்த்தார். சூரிச் நகர மன்றக் கட்டடம் 1938 முதல் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து சூடு எடுத்தது. சூடு எங்கேயும் இருக்கிறது, அதை மேலே தூக்கத்தான் மின்சாரம். தூக்க வேண்டிய உயரம் குறைந்தால் செலவும் குறையும். அதனால்தான் பரிமாற்றி முன்னால், பம்ப் பின்னால்.

இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஒரு ஆலையில் கண்ணால் பார்த்தேன். கசிவுகளை அப்படியே வைத்துக்கொண்டு பெரிய ஹீட் பம்ப் ஒன்றை இறக்கினார்கள். பிறகு கசிவுகளை அடைத்தார்கள். தேவை பாதியானது. பம்ப் அரை மணி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இரண்டு வருடத்தில் கம்ப்ரஸர் போய்விட்டது. ஹீட் பம்பே உதவாது என்ற முடிவுக்கு அந்த ஆலைக்காரர்கள் வந்துவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அது வருத்தம்.

இவ்வளவும் செய்தபின் நீராவித் தேவை ஏறக்குறைய பாதியாகும். பாலியெஸ்டருக்குச் சாயம் போடும் 130 டிகிரி ஜெட் இயந்திரங்களுக்கும் அதிசூடான கழுவலுக்கும் மட்டும் நீராவி. அந்தப் பாதிக்கு மின்சார பாய்லர் வாங்குங்கள், அளவும் பாதியாக இருக்கும். பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சும் இடமாக இருந்தால் வெப்பத்தைச் சேமித்தும் வைக்கலாம். பின்லாந்தில் கான்கான்பா என்ற ஊரில் 2022 முதல் 100 டன் மணலைச் சூடாக்கி 8 மெகாவாட் மணி வெப்பத்தைச் சேர்த்து வைக்கிறார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. உங்களுக்கு வரும் மின்சாரம் முழுக்க நிலக்கரியில் உற்பத்தியானது என்றால், ஒரு கிலோவாட் மணிக்கு 0.9 கிலோ கரியமில வாயு. கேஸ் பாய்லரில் ஒரு கிலோவாட் மணி வெப்பத்துக்கு 0.23 கிலோதான். அந்த மின்சாரத்தில் ஓடும் மின்சார பாய்லர் நிலைமையை நான்கு மடங்கு கெடுக்கும். நாலு பங்கு வெப்பத்துக்கு ஒரு பங்கு மின்சாரம் செலவழிக்கும் ஹீட் பம்ப் மட்டும் கேஸோடு சமமாக நிற்கும். காற்றாலை அல்லது சூரிய மின்சாரத்துக்கு முறையான ஒப்பந்தம் இல்லாமல் மின்சார பாய்லரைத் தொடாதீர்கள்.

தொழுவத்து வாயு:

ஐயா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். சாண எரிவாயு பற்றிக் கேட்டிருந்தீர்கள், நான் எட்டு வருடமாக அந்த நிலையம் ஒன்றை நடத்துகிறேன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் வாயுவில் மீத்தேன் 55 முதல் 60 சதவீதம். மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்தச் சல்ஃபைடை எடுக்காமல் பாய்லருக்கு விட்டால் புகைப் பாதை முழுக்க அரித்துவிடும். இரும்பு ஆக்சைடு நிரப்பிய தொட்டி வழியாக விட்டு எடுக்கிறோம், குறித்த நாளில் மாற்றவில்லை என்றால் அன்றே தெரியும். 1 கன மீட்டர் வாயுவில் 6 கிலோவாட் மணி அளவுதான். உங்கள் 4,500 கன மீட்டர் இயற்கை வாயுவுக்கு ஈடு கட்ட எங்கள் வாயு 7,500 கன மீட்டர் வேண்டும். அதற்கு எத்தனை மாடு, எத்தனை டன் காய்கறிக் கழிவு என்று சொந்தக்காரரிடம் கேளுங்கள். கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லவில்லை. அளவு குறைந்த பொருள், வேறு வழியே இல்லாத இடத்துக்கு ஒதுக்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் பட்டறையில் அந்த இடம் ஸ்டென்டர். அங்கே இப்போது இருப்பது நேரடிச் சுடர், 200 டிகிரிக்கு ஹீட் பம்ப் வராது. மீத்தேனைப் பிரித்துச் சுத்தமாக்கினால் அதே பர்னரில் எரியும். டென்மார்க்கில் கேஸ் குழாயில் போவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படிச் சுத்தமாக்கிய வாயுதான். அங்கே பண்ணைகள் அதிகம், கேஸ் தேவையும் குறைந்துகொண்டே வருகிறது, அதனால் அந்தப் பங்கு ஏறுகிறது.

என் நிலையத்தைப் பற்றி நானே சொல்ல வேண்டிய ஒன்று. மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூடேற்றும். 100 கிலோ மீத்தேனில் 3 கிலோ கசிந்தாலே 240 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அந்த 100 கிலோவையும் எரித்தால் வருவது 275. கசிவை விட்டுவிட்டால் நாங்கள் செய்வதற்கெல்லாம் அர்த்தமே இல்லாமல் போகும். மாதத்துக்கு ஒரு முறை கசிவு காட்டும் கருவியோடு குழாய் இணையும் ஒவ்வொரு ஃபிளேஞ்சாக நானே நடக்கிறேன். முதல் தடவை நடந்தபோது வாயுவை மூடி வைத்திருக்கும் கூடாரத் துணி ஓரத்தில் ஒரு கை நீளத்துக்கு இடைவெளி. எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்கும். யாரிடம் வாயு வாங்கினாலும் கசிவு அளந்த தாளைக் கேட்டு வாங்குங்கள்.

பனிக்கால வாசகி:

வீட்டுக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். சமையல் அடுப்பு, தண்ணீர் ஹீட்டர், வீட்டைச் சூடாக்கும் பாய்லர், மூன்றுமே கேஸில் இருந்தன. இரண்டு வருடத்தில் மூன்றையும் மாற்றினோம்.

அடுப்பில் ஆரம்பித்தது உமிழ்வுக்காக இல்லை, மகனுக்காக. அவனுக்கு வீசிங் உண்டு. கேஸ் சுடர் எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் மூச்சுக்குழாயை அது எரிச்சல்படுத்தும் என்று மருத்துவர் சொன்னார். அன்றைக்கே இண்டக்ஷன் வாங்க முடிவு செய்தோம். 2 லிட்டர் தண்ணீரை 25லிருந்து கொதிக்க வைக்க, தண்ணீருக்குள் போக வேண்டியது 0.17 கிலோவாட் மணி. இண்டக்ஷன் 0.2 எடுக்கும். கேஸ் 0.45 எடுக்கும், பாதிக்கு மேல் பாத்திரத்தின் ஓரமாக ஏறி அறையைத்தான் சூடாக்கும். பாத்திரங்களின் அடியில் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், ஒட்டினால் வேலை செய்யும். வாங்குவதற்கு முன் எலெக்ட்ரீஷியனை வரவழைத்து அடுப்புக்குத் தனி லைன் இழுங்கள். நாங்கள் அதைப் பிறகு செய்தோம், சுவரை இரண்டு தடவை உடைத்தோம்.

வீட்டைச் சூடாக்கும் தேவை உள்ளவர்கள் ஹீட் பம்ப் வாங்கும் முன் செலவில்லாத ஒரு சோதனை செய்யலாம். இருக்கிற கேஸ் பாய்லரில் ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பத்தை 55 டிகிரிக்கு இறக்குங்கள். கடும் குளிர் உள்ள ஒரு வாரம் அப்படியே விடுங்கள். வீடு போதுமான சூட்டில் இருந்தால் அந்த வீடு ஹீட் பம்புக்குத் தயார். எங்கள் வீட்டில் ஒரே ஒரு அறை குளிர்ந்தது, அந்த அறையின் ரேடியேட்டரை மட்டும் பெரிதாக்கினோம். திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே போனால்தான் கண்டென்சிங் பாய்லரும் புகையில் உள்ள நீராவியின் சூட்டை எடுக்கத் தொடங்கும். ஆக மாற்றாவிட்டால்கூட அந்த ஒரு திருகலில் கேஸ் குறையும்.

கனடாவில் ஓகோடாக்ஸ் என்ற ஊரில் 52 வீடுகள் கோடை வெயிலை மண்ணுக்குள் 144 துளைகளில் சேர்த்து வைத்துக் குளிர்காலத்தில் எடுத்தன. 2007இல் தொடங்கி, ஒரு பருவத்தில் வீடுகளைச் சூடாக்கும் தேவை முழுவதையும் அதிலேயே முடித்தார்கள். பிறகு சாதனங்களுக்கு வயதாகி நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனாலும் பனி கொட்டும் ஊரில் அது நடந்தது என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கை கொடுத்தது.

நீராவிக்காரன்:

இவ்வளவு பொறுமையாக எழுதிய மூவருக்கும் நன்றி. ஐயா, ஒரு சந்தேகம். ஹைட்ரஜன் எங்களுக்கு வேண்டாம் என்பது புரிகிறது. அப்படியானால் அது யாருக்கு?

பழைய தணிக்கையாளன்:

கேஸைச் சூட்டுக்காக அல்லாமல் பொருளாகவே பயன்படுத்தும் இடங்களுக்கு, தம்பி. அம்மோனியா உரம் செய்ய ஹைட்ரஜன் வேண்டும், இன்று அதைப் பெரும்பாலும் மீத்தேனிலிருந்து பிரிக்கிறார்கள். நார்வேயில் ருக்கானில் நீர்மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, பல பத்தாண்டுகள் அதிலேயே உரம் செய்தார்கள். மலிவான இயற்கை எரிவாயு வந்தபின் உலகம் அதை மறந்தது. இரும்பும் அப்படித்தான். தாதுவிலிருந்து ஆக்ஸிஜனை இழுக்க ஏதாவது ஒன்று வேண்டும், கேஸ் அதைச் செய்கிறது, ஹைட்ரஜனும் செய்யும். சுவீடனில் லூலியோவில் ஹைப்ரிட் (HYBRIT) என்ற திட்டத்தார் அப்படிச் செய்த இரும்பிலிருந்து உருவான எஃகை 2021இல் முதன்முதலாகக் கொடுத்தார்கள். அவர்களுக்கு வேறு வழிகள் மிகக் குறைவு. 60 டிகிரித் தண்ணீருக்கு அந்த ஹைட்ரஜனை எரிப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை.

நீராவிக்காரன் (ஏழு வாரம் கழித்து):

சொன்னபடி அளந்தேன். ஃபீட் வாட்டர் தொட்டி 38 டிகிரியில் இருந்தது. பதினாறு வருடமாக நான் தினமும் தாண்டிப் போகும் தொட்டி அது. கண்டென்சேட்டில் பெரும்பகுதி வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது, திருப்பும் குழாய் ஒரு காலத்தில் ஓட்டையாகி யாரோ மூடிவிட்டிருக்கிறார்கள். புதிய குழாய் இழுத்து, தொட்டிக்கு உறை போட்டோம். இப்போது 82 டிகிரி. 46 ஸ்டீம் ட்ராப்பில் 8 திறந்தே கிடந்தன, மாற்றியாயிற்று. பாய்லருக்கு 3,300 கன மீட்டர் போனது இப்போது 2,900க்குப் பக்கத்தில். எரிபொருளை மாற்றவே இல்லை, தினம் 800 கிலோ கரியமில வாயு குறைந்திருக்கிறது. முதலாளி அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "அடுத்து என்ன?" என்று கேட்டார்.

வாய்க்காலையும் பார்த்தேன். எல்லாக் கழிவுநீரும் கலக்கும் இடத்தில் 41 டிகிரிதான். ஆனால் ஒவ்வொரு இயந்திரத்தின் வாயிலும் அளந்தால், சூடான கழுவல் நீர் 58 டிகிரியில் விழுகிறது, பக்கத்திலேயே குளிர்ந்த அலசல் நீர் விழுந்து அதை அடித்துவிடுகிறது. சூடானதற்கு மட்டும் தனி வாய்க்கால் வெட்டத் தொடங்கியிருக்கிறோம்.

அம்மா, வீட்டுக்குத் தனி லைன் இழுத்தாயிற்று, சுவரை ஒரு தடவைதான் உடைத்தோம். இண்டக்ஷன் அடுத்த வாரம் வருகிறது.

ஐயாவிடம் ஒன்று: கழிவுநீரில் நூல் தூசி மிக அதிகம். தட்டு வைத்த பரிமாற்றி ஒரு வாரத்தில் அடைத்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

பழைய தணிக்கையாளன்:

அடைக்கத்தான் செய்யும். முன்னால் தானாகவே கழுவிக்கொள்ளும் சுழல் வடிகட்டி ஒன்று வையுங்கள். நெருக்கமான தட்டு வேண்டாம், இடைவெளி அகலமான தட்டு கேளுங்கள், கழற்றிக் கழுவக்கூடியதாக. இரு முனையிலும் அழுத்தமானி பொருத்துங்கள். புதிதாக வைத்த நாளில் வரும் அழுத்த வித்தியாசத்தைப் பெயின்டால் சுவரில் எழுதி வையுங்கள். அது ஒன்றரை மடங்கு ஏறிய அன்றே திறந்து கழுவ வேண்டும், அந்த வேலையை ஒரு ஆளின் பெயரில் போடுங்கள். தனி வாய்க்கால் முடிந்ததும் ஒரு வாரத்துக்கு மணிக்கு மணி வெப்பமும் ஓட்டமும் குறித்து இங்கே போடுங்கள், பம்ப் என்ன அளவு என்று சேர்ந்தே கணக்குப் பார்ப்போம்.